தண்ணீர் ஏறினாலும் தோணி மேலேதான்

காணாமற்போன மகன் திரும்பி வந்ததற்காக ஒரு தாய் நம்முடைய சபையில் அழுதுகொண்டே நன்றி சொன்னதை நீங்கள் எல்லாரும் கேட்டீர்கள். அதற்குப் பிறகு ஒரு கணக்குக்காகச் சாட்சி சொல்ல நான் வருகிறேன். கூச்சமாகத்தான் இருக்கிறது. ஆனால் ஆண்டவர் செய்ததைச் சொல்லாமல் விட்டால் அது இன்னும் பெரிய கூச்சம். அதனால் எழுதுகிறேன்.

என் அப்பா வாவியில் மீன் பிடிப்பவர். அம்மாவுக்குத் தன் பெயரை மட்டும் எழுதத் தெரியும். எங்கள் குடும்பத்தில் உயர்தரம் வரை படித்த முதல் ஆள் நான். அரச சேவைக்கு ஆள் எடுக்கும் போட்டிப் பரீட்சையில் ஒரு தடவை தோற்றிருந்தேன். அடுத்த தடவையோடு வயதெல்லை முடிகிறது. அதுவும் தவறினால் நான் கட்டாருக்குப் போவதென்று வீட்டில் முடிவாகிவிட்டது. போரால், இளைஞனாக ஊரில் நடமாடுவதே பயமாகிப்போன காலம் இது. அந்த முடிவை யாரும் குறை சொல்ல முடியாது. ஆனால் அப்பாவுக்கு இருமல் தொடங்கியிருந்தது. நான் ஒரே பிள்ளை. நான் போனால் வலையின் மறுதலைப்பைப் பிடிக்க அவருக்கு ஆள் இல்லை.

என்னை விழுத்தியது, யோசிக்கும் திறனைச் சோதிக்கும் உளச்சார்புத் தாளில் ஒரு பகுதி. எண்ணும் எழுத்தும் சேர்ந்த ஒரு கோவை இடப்பக்கம், இன்னொரு கோவை வலப்பக்கம் இருக்கும். எது பெரிது என்று கேட்பார்கள். இடது பெரிது, வலது பெரிது, இரண்டும் சமம், தந்த தகவல் போதாது. இந்த நாலில் ஒன்றைத் தெரிவுசெய்ய வேண்டும். பார்த்தால் சின்னப்பிள்ளைக் கணக்கு. எனக்கு அதுதான் மலையாக நின்றது.

நம் சபையில் கிற்றார் வாசிக்கும் ஜெயசீலனை உங்களுக்குத் தெரியும். பட்டணத்துப் பெரிய பள்ளிக்கூடத்தில் படித்தவன். அவனும் அதே பரீட்சைக்கு விண்ணப்பித்திருந்தான். எனக்குச் சொல்லித்தந்தால் தனக்குத்தான் போட்டி என்று அவனுக்குத் தெரியாதா? தெரிந்தும், மாலை ஜெபம் முடிந்து ஊரடங்கு தொடங்குவதற்கு முன் கிடைக்கும் நேரத்தில் என்னைச் சபை மண்டபத்தில் இருத்திவைத்துப் படிப்பித்தான். அப்படி ஒரு மனம் எனக்கு இருந்திருக்குமா என்று இன்றும் யோசிக்கிறேன்.

"3x பெரிசா, 2x பெரிசா?" என்று கேட்டான்.

"இதென்ன கேள்வி மச்சான்? மூண்டு மடங்குதானே பெரிசு."

"x பூச்சியமெண்டா?"

"ஆர்ரா பூச்சியத்தக் கொண்டுவந்து வச்சிக் கணக்குப் பாப்பான்?"

"டேய், x எண்டா உன்ட அப்பாட மீன் கூடை இல்லடா! உள்ளுக்க என்ன கிடக்கெண்டு உனக்குத் தெரியாது."

அவன் பகிடியாகத்தான் சொன்னான். ஆனால் எனக்கு x எப்போதும் கூடைதான். சின்ன வயதிலிருந்து கரையில் எண்ணிப் பழகியது இறாலும் மீனும். கூடையில் பூச்சியத்துக்கும் கீழான மறை எண் கிடக்காது. பூச்சியமோ எங்கள் வீட்டில் வாயாலே சொல்லக்கூடாத ஒன்று. அப்பா வெறும் தோணியோடு வந்தாலும், யாராவது மீன்பாடு எப்படி என்று கேட்டால் "கறிக்கு இரிக்கி" என்றுதான் சொல்லுவார். அரிசிப் பானை காலியானால் அம்மா "நிறைஞ்சிரிக்கி" என்பார். இல்லை என்று சொன்னால் இல்லாமலே போய்விடும் என்ற பயம். அப்படி வளர்ந்தவனிடம் வந்து பூச்சியத்தை நினை என்றால் எப்படி?

விதியைப் பாடமாக்கினேன். x பூச்சியமானால் 3x, 2x இரண்டும் சமம். x மறை ஒன்று என்றால் ஒன்று மறை மூன்று, மற்றது மறை இரண்டு. அப்போது 2x பெரிது. x என்னவென்று தெரியாதவரை எது பெரிதென்று சொல்லவே முடியாது. விளங்கியது. ஆனால் மாதிரித் தாளை எடுத்து நேரம் பார்க்கத் தொடங்கினால் கை பழையபடி கூடைக்கே போய்விடும். ஒவ்வொரு தாளிலும் அதே பிழை. பரீட்சை நெருங்கிய ஒரு நாள், ஜெயசீலனே தாளை மடித்து வைத்துவிட்டான்.

அன்று மண்டபத்துக்குப் பின்னால் மணலில் முழங்காலில் விழுந்தேன். அழுதேன். "ஆண்டவரே, நான் விடை கேட்கவில்லை. என் கண்ணுக்கு எது படவில்லையோ அதைக் காட்டும்" என்று மட்டும் கேட்டேன்.

பதில் எங்கள் வீட்டு முற்றத்துக்கு வந்தது, அதுவும் சண்டையாக வந்தது.

அடைமழைக்காலம். வாவிக்கு அக்கரையான படுவான்கரையில் வயல் செய்யும் என் தாய்மாமா தோணித்துறை கடந்து வந்திருந்தார். அவருடைய வயல் வட்டை முழுக்கத் தண்ணீர். வாவி கடலில் விழுகிற முகத்துவாரத்தை மணல் அடைத்துக்கிடந்தது. அதை வெட்டிவிட்டால் வெள்ளம் வடியும் என்று அவர் நின்றார். அப்பா விடவில்லை.

"வாவிதான் மச்சான் கடலை விட உயரம். வெட்டினாச் சுறுக்கா வடிஞ்சிரும்," என்றார் மாமா.

"கடல்தான் உயரம். வெட்டிக் கிடக்கக்குள்ள உப்புத்தண்ணி வாவிக்குள்ள ஏறினத்த என்ட கண்ணால கண்டவன் நான்."

"மீனோட கிடந்து உன்ட மூளையும் உப்பாப் போச்சி."

"உன்ட மூளையில நெல்லு முளைச்சிரிக்கி. போய் வெட்டு!"

அடுப்படியிலிருந்து அம்மா அகப்பையோடு வெளியே வந்தார். "ரெண்டு பேரும் கொஞ்சம் வாயப் பொத்துங்க! அண்ணன் மார்கழியச் சொல்றாரு, நீங்க ஆவணியச் சொல்றீங்க. எந்த மாசம், முகத்துவாரம் திறந்தா அடைச்சா எண்டு சொல்லாம எது உயரமெண்டு சண்டை பிடிச்சா, அத ஆர் தீர்க்கிற? வந்து சோத்தத் தின்னுங்க."

இருவரும் சிரித்துவிட்டார்கள். நான் சிரிக்கவில்லை. இதைத்தானே கேட்டேன்! வாவி ஒரு கோவை, கடல் ஒரு கோவை. மழையில் வாவி உயரம். கோடையில் கடல் உயரம். முகத்துவாரம் திறந்து இரண்டும் சமமாகிற நாளும் உண்டு. மாதம் தெரியாதவனுக்கு விடை ஒன்றுதான்: தந்த தகவல் போதாது. பிறந்ததிலிருந்து என் கண்முன் கிடந்த தண்ணீரை ஆண்டவர் கணக்காக்கித் தந்தார். அன்றைக்குப் பிறகு கூடை என் மனதைவிட்டுப் போயிற்று. எந்தக் கணக்கை எடுத்தாலும் முதலில் "எந்த மாதம்?" என்று கேட்கப் பழகிவிட்டேன்.

பரீட்சையன்று ஜெயசீலனும் நானும் கல்லடிப் பாலத்தில் இராணுவச் சோதனைக்கு வரிசையில் நின்று, மூச்சிரைக்க ஓடித்தான் மண்டபத்துக்குள் போனோம். அந்தப் பகுதி நன்றாகவே போனது. இடையில் ஒரு வினா: y = x + 5. x, y இரண்டில் எது பெரிது? x தெரியாது, y தெரியாது. தகவல் போதாது என்று புள்ளடி போடக் கையைக் கொண்டுபோய்விட்டேன். அந்த நேரம் தூரத்தில் ஒரு வெடிச்சத்தம். யன்னல் அதிர்ந்தது. எல்லாத் தலையும் நிமிர்ந்தது. மேற்பார்வையாளர் மெதுவாக, "எழுதுங்க பிள்ளைகள்" என்றார்.

"இயேசுவே" என்றேன். அவ்வளவுதான் வாயில் வந்தது.

எங்கள் வீட்டுப் பின்னால் கட்டிக்கிடக்கும் தோணி கண்ணுக்குள் வந்தது. மார்கழியில் தண்ணீர் வேலி வரை ஏறும். ஆவணியில் கரைச் சேறு தெரிய இறங்கும். ஆனால் தோணியின் விளிம்பு தண்ணீருக்கு மேலே எப்போதும் அதே ஒரு சாண். தண்ணீரோடு ஏறும், தண்ணீரோடு இறங்கும். தண்ணீரின் உயரம் நமக்குத் தெரியத் தேவையில்லை. x பூச்சியமாகட்டும், மறையாகட்டும், y அதற்கு மேலேதான். கையை எடுத்து y பெரிது என்று போட்டேன்.

பெறுபேறு வந்த செய்தியைக் கொண்டு சைக்கிளில் ஓடி வந்தவன் ஜெயசீலன். நான் பரீட்சையில் சித்தியடைந்திருந்தேன். அவனுக்குக் கிடைக்கவில்லை. அதைக் கடைசியாகத்தான் சொன்னான். எனக்குச் சந்தோஷப்படவும் தெரியவில்லை, அழவும் தெரியவில்லை.

"நீதானேடா படிப்பிச்சனீ. என்னை விட நீ எவ்வளவோ பெரியவன்," என்றேன்.

அவன் சைக்கிளைத் திருப்பிக்கொண்டே, "தந்த தகவல் போதாது மச்சான்," என்றான். அவனுக்கு வயதெல்லைக்குள் இன்னும் ஒரு தடவை இருந்தது. மறுமுறை எழுதினான், சித்தியடைந்தான். தேவனுக்கே மகிமை.

இப்போது பட்டணத்தில் ஓர் அலுவலகத்தில் வேலை செய்கிறேன். விடியற்காலையில் அப்பாவோடு வலையின் மறுதலைப்பைப் பிடிக்கிறேன். சனிக்கிழமைகளில் அதே மண்டபத்தில் ஜெயசீலனும் நானும் பிள்ளைகளுக்கு x, y வரும் அட்சரகணிதம் சொல்லிக்கொடுக்கிறோம். முன்பெல்லாம் பட்டணத்துப் பிள்ளைகளைப் பார்த்தால் நான் சின்னவன் என்று குறுகிப்போவேன். இப்போது அந்தக் கணக்கைப் போடுவதை விட்டுவிட்டேன். யார் பெரியவர் என்று பார்க்கத் தேவையான தகவல் ஆண்டவரிடம் மட்டுமே இருக்கிறது.

பிரியமானவர்களே, நாளைக்கு என்ன நடக்கும் என்று நம்மில் யாருக்கும் தெரியாது. உங்கள் வீட்டில் எந்தத் தண்ணீர் எவ்வளவு ஏறி நிற்கிறதோ எனக்குத் தெரியாது. அதை அளந்து முடித்துவிட்டு ஜெபிக்கலாம் என்று காத்திருக்க வேண்டாம். இருக்கிறபடியே முழங்காலில் விழுங்கள். அவருடைய கிருபை அந்தத் தண்ணீருக்கு மேலேதான் மிதக்கிறது. நான் அதில் ஏறியிருக்கிறேன். நீங்களும் ஏறுங்கள்.