பதினேழுக்கும் பதினெட்டுக்கும் நடுவே

"பதினெட்டு" என்றாள் செவேரா, தொலைபேசியில்.

"கண்ணைத் துடைச்சுக்கிட்டு இன்னொரு தடவை பாருங்க, தோன்யா. பதினேழா இருக்கப் போகுது" என்றாள் மறுமுனையில், பயணிகள் கவுண்டரில் இருந்த நினோஸ்கா. வயதில் மூத்த பெண்களை அங்கே மரியாதையாகத் தோன்யா என்றுதான் அழைப்பார்கள்.

"என் கண்ணு நல்லாத்தான் இருக்கு. பதினெட்டு டிகிரி. காத்தும் இல்ல. எழுதிக்கோ."

"பதினெட்டுன்னா அஞ்சு பேரை இறக்கணும். விமானி இங்க என் தலைக்கு மேல நின்னு பல்லைக் கடிக்கிறாரு."

"அவரையும் சேர்த்து இறக்கிடு. இன்னும் லேசாயிடும்."

நினோஸ்கா சிரித்துவிட்டாள். "சூரியனைக் கொஞ்ச நேரம் அணைச்சு வைக்க முடியாதா?"

"மனு எழுதிக் குடு பொண்ணே, மேலிடத்துக்கு அனுப்புறேன்."

போனை வைத்துவிட்டு நினோஸ்கா பயணிகள் பட்டியலை எடுத்தாள். கடைசியாக வந்து சேர்ந்த ஐந்து பேர் மீது கோடு இழுத்தாள். மலை மேல் இருக்கும் எல் ஆல்டோ விமான நிலையத்தில் அதுதான் வழக்கம்: பிந்தி வந்தவர் முந்தி இறங்க வேண்டும். நான்காவது பெயர் சிரிலோ கல்லிசாயா. எல் ஆல்டோவில் தெருவுக்கு நாலு கல்லிசாயா இருப்பார்கள். அவள் கை தயங்கவில்லை.

மற்ற நால்வரும் சண்டை போட்டார்கள். கோழிக்கூடையோடு வந்த பெண்மணி, "கோழியை வேணா விட்டுட்டுப் போறேன், என்னை ஏத்திக்கோ!" என்று மேசையைத் தட்டினாள். சிரிலோ மட்டும் தொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார்.

"எவ்வளவுன்னு சொன்னாங்க?"

"பதினெட்டு, ஐயா. அடுத்த விமானம் நாளைக் காலையிலதான்."

அவர் கண்ணாடி வழியாக ஓடுபாதையின் கோடியைப் பார்த்தார். "கீழ அம்மாவுக்கு முடியல" என்றார், யாரிடமும் இல்லை.

அங்கே நாலாயிரம் மீட்டர் உயரத்தில் காற்று மெலிந்து கிடக்கும். இறக்கைக்குப் பிடிமானம் போதாது, இயந்திரமும் அதே மெலிந்த காற்றைத்தான் இழுக்க வேண்டும். ஆகவே விமானம் ஓடும், ஓடும், பார்ப்பவருக்கு மூச்சு முட்டும் வரை ஓடும். வெயில் ஏறினால் காற்று இன்னும் இளகிவிடும். அந்த விமானத்துக்கான அட்டவணையில் பதினேழு டிகிரிக்கு ஒரு எடை, பதினெட்டுக்கு ஐந்து ஆள் குறைவு. எந்த டிகிரி என்று சொல்பவள் செவேரா.

தானியங்கிக் கருவிகள் வருவதற்கு முந்தைய காலம் அது. ஓடுபாதைக் கோடியில், புல்வெளி நடுவே ஒரு தகரக் கொட்டகை, பக்கத்தில் வெள்ளை அடித்த மரப்பெட்டி, அதற்குள் வெப்பமானி. மணிக்கு ஒரு தடவை பெட்டியைத் திறந்து பார்த்துச் சொல்ல வேண்டும். பதினோரு வருஷமாக அதுதான் அவள் வேலை. புருஷன் புவனோஸ் அயர்ஸுக்குத் தையல் வேலைக்குப் போனவன், திரும்பவில்லை. விமானத்தின் இரைச்சலைக் கேட்டே, அது எங்கே தரையை விடும் என்று சொல்லிவிடுவாள். ஆனால் ஒரு விமானத்திலும் அவள் ஏறியதில்லை. அந்தக் கொட்டகைக்கு யாரும் வருவதில்லை. மாதம் ஒரு முறை ஒருவர் மட்டும் சாப்பாட்டுத் தூக்கோடு வருவார்.

அந்த ஒருவர் யார் என்று, ஐந்து பேரை இறக்கிய அந்த நாளுக்கு மூன்று மாதம் கழித்துத்தான் நினோஸ்காவுக்குத் தெரிந்தது. அதுவரை அவள் கவனித்ததெல்லாம், தொலைபேசியில் இப்போது எண் மட்டும்தான் வருகிறது என்பது. பதினொன்று. பதினான்கு. ஒரு கேலி கிடையாது. "சூரியனை அணைங்க தோன்யா" என்று இவள் ஆரம்பித்தாலும், "எழுதிட்டியா?" என்ற கேள்வியோடு போன் வைக்கப்பட்டுவிடும்.

பிப்ரவரியில் ஒரு நாள், வேலை முடிந்ததும் செவேராவே நடந்து வந்து கவுண்டர் முன்னால் நின்றாள். போனில் கேட்டுப் பழகிய குரலுக்கு இவ்வளவு குள்ளமான உருவமா என்று நினோஸ்காவுக்குத் தோன்றியது.

"நவம்பர்ல நீ இறக்கினியே, சிரிலோ. அவன் என் தம்பி. நானும் கல்லிசாயாதான்."

நினோஸ்கா கையிலிருந்த பேனாவைக் கீழே வைத்தாள்.

"உன்னைக் குத்தம் சொல்ல வரல. அம்மாவுக்கு இருதயம் பெருத்துப் போச்சு, இந்த உயரம் ஆகாதுன்னு கீழ சமவெளியில, திரினிதாது ஊருல தங்கச்சி வீட்டுல இருந்தா. ஊருக்குப் போறதுக்கு முன்னாடி அக்காவைப் பாத்துட்டுப் போறேன்னு சோத்தைத் தூக்கிக்கிட்டு வந்தான். உக்காந்து சாப்பிட்டோம். அதனாலதான் உங்கிட்ட பிந்தி வந்தான். மறுநாள் போய்ச் சேர்ந்தப்ப அம்மா முகத்தைத் துணியால மூடிட்டாங்க."

"அவரு என்ன சொன்னாரு?"

"ஒண்ணும் சொல்லல. இன்னிக்கு வரைக்கும் ஒண்ணும் சொல்லல. தெருவுல பாத்தா எதிர்ப்பக்கம் போயிடுறான்."

"நீங்க சரியாத்தானே சொன்னீங்க, தோன்யா."

"அதுதான் தெரியல." செவேரா மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டாள். "பதினேழுக்கும் பதினெட்டுக்கும் நடுவுல ஒரு குட்டிக் கோடு இருக்கு. அதைத் தொட்டா பதினெட்டு, தொடலைன்னா பதினேழு. கண்ணு நேரா இருக்கணும், மேல கீழ போனா பொய் சொல்லும். நான் குள்ளம், பலகை போட்டு ஏறித்தான் பாக்கணும். அன்னிக்குச் சாப்பாட்டுல நேரம் போனதே தெரியல, கடைசி நிமிஷத்துல பெட்டிக்கு ஓடினேன். பலகை மேல ஏறினேனா, கீழ நின்னே எட்டிப் பாத்தேனா, ஞாபகம் இல்ல. தொட்ட மாதிரிதான் இருந்துச்சு. பாத்தது நான் ஒருத்திதான். கேக்கிறதுக்கு யாரும் இல்ல."

நினோஸ்கா பட்டியல் தாள்களை அடுக்கினாள். ஏற்கெனவே அடுக்கியிருந்தவைதான்.

"இப்ப எந்த நாளும், எந்த எண்ணைச் சொன்னாலும், யாரை இறக்குறேனோன்னு தோணுது" என்றாள் செவேரா. "நாளைக்கு ரெண்டு மணிக்கு உனக்கு விமானம் எதுவும் இல்லைன்னு எனக்குத் தெரியும். கொட்டகை வரைக்கும் வா. உயரமா இருக்கே, உனக்குப் பலகை வேண்டாம். நான் பெட்டியைத் திறந்துட்டுத் திரும்பி நிக்கிறேன். நீ பாத்து எவ்வளவுன்னு சொல்லு. அப்புறம் நான் பாத்துச் சொல்றேன். ரெண்டும் ஒண்ணா வருதான்னு எனக்குத் தெரியணும். வருவியா?"