வீட்டுக்குள் வரக் கூடாத சாமான்கள்

முதல் பிள்ளைக்கு எல்லாவற்றையும் முன்கூட்டியே வாங்கி வைத்திருந்தோம். கட்டில், கொசுவலை, நாப்கின், குளிப்பாட்டும் தொட்டி, பால் புட்டி, குட்டிக் கையுறைகள். மலேசியாவில், கிள்ளானில் எங்கள் அடுக்குமாடி வீட்டின் சின்ன அறைக்குப் புதுச் சாயம்கூட அடித்தோம். எட்டாம் மாதத்தில் வயிற்றுக்குள் துடிப்பு நின்றுவிட்டது. மருத்துவமனையிலிருந்து வெறுங்கையோடு வந்து அந்த அறையைத் திறந்தேன். எல்லாம் விலைச்சீட்டு கிழிக்காமல் அப்படியே இருந்தது.

அன்று சாயங்காலம் மாமியாரின் தங்கை செமினியிலிருந்து துக்கம் கேட்க வந்தார். கூடத்தில் உட்கார்ந்துகொண்டு, நான் அறைக்குள் படுத்திருப்பது தெரிந்தும், குரலைத் தாழ்த்தாமல் சொன்னார்.

"வயித்துல இருக்கறப்பவே கட்டிலு மெத்தைன்னு கொண்டாந்து அடுக்குனா கண்ணு படாம என்ன செய்யும்? எந்த வீட்டுல இப்படிச் செய்வாங்க?"

தொப்புள்கொடி பிள்ளையின் கழுத்தில் சுற்றிக்கொண்டது என்று டாக்டர் தெளிவாகச் சொல்லியிருந்தார். கட்டில் வாங்கியதற்கும் கொடி சுற்றியதற்கும் சம்பந்தமே இல்லை. இதைச் சொல்ல அந்தக் கூடத்தில் ஒருவருக்கும் வாய் இல்லை. திறந்திருந்த கதவு வழியே தெரிந்த என் கணவர் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார். மாமியார் பேசவே இல்லை. 'சும்மா இருடி' என்று தங்கையை ஒரு வார்த்தை அதட்டியிருக்கலாம். செய்யவில்லை. அந்தப் பேச்சைவிட அந்த மௌனம்தான் எனக்கு அதிகம் எரிந்தது. பிள்ளையை நானே கொன்றுவிட்டேன் என்று இந்த வீடு முடிவு கட்டிவிட்டது, அப்படித்தான் எடுத்துக்கொண்டேன். அறையில் இருந்த சாமான்களையெல்லாம் கணவர் எங்கோ கொடுத்துவிட்டு வந்தார். பல மாதம் மாமியாரிடம் சோறு, குழம்பு, மழை இவற்றைத் தவிர வேறெதுவும் பேசவில்லை.

மறுபடி உண்டானபோது மாமியார் சட்டம் போட்டார்.

"பிள்ளை அழற சத்தம் மொதல்ல காதுல விழட்டும். அப்புறம் கடையையே வாங்கலாம். அதுவரைக்கும் ஒரு நூலுகூட இந்த வீட்டுக்குள்ள வரக்கூடாது."

வளைகாப்பும் வேண்டாம் என்றார். அதில் எனக்கு ஆட்சேபணை இல்லை. கையில் வளையல் அடுக்கிக்கொண்டு நாலு பேர் நடுவில் சிரிக்கும் தெம்பு எனக்கும் இல்லை.

பிறக்குமுன் எதையும் வாங்கக் கூடாது என்பது எங்கள் ஆட்களிடம் உள்ள பழக்கம்தான். பல வீடுகளில் இன்றும் இருக்கிறது. நிறையப் பிள்ளைகள் செத்துப்போன காலத்தில் யாரோ மனசு தாங்காமல் ஆரம்பித்திருப்பார்கள். அந்தக் காலத்தில் பிரசவம் வீட்டில் நடந்தது. பழைய வேட்டியைக் கிழித்தால் போதும். இப்போது அரசாங்க மருத்துவமனைக்குப் போனால் பிள்ளைத் துணி எங்கே என்று முதலில் கேட்கிறார்கள்.

கிளினிக்கில் என்னைப் பார்த்த மிஸி ஒரு தமிழ்ப் பெண். எங்கள் பக்கத்தில் நர்ஸை மிஸி என்றுதான் சொல்வோம். வாய் கொஞ்சம் நீளம்.

"பேக் ரெடியா?"

"இல்ல மிஸி. வீட்ல வாங்கக் கூடாதுன்றாங்க."

"ஓ. அப்ப பிள்ளைய எதுல சுத்துவீங்க? பேப்பர்லயா, நாசி லெமாக் சோத்துப் பொட்டலம் மாதிரி?"

பக்கத்தில் உட்கார்ந்திருந்த பெண் சிரித்துவிட்டாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. மிஸி சொன்னது சரி என்பதுதான் கோபம்.

"இங்க பாருங்க, மொதல்ல அப்படி ஆயிருக்கு, இது சீக்கிரம் வந்தாலும் வரும். யாரு பேச்சையும் கேக்காதீங்க. துணிய வாங்குங்க, துவைங்க, பேக்ல போடுங்க. முடிஞ்சது லா."

நான் மாட்டிக்கொண்ட இடம் இதுதான். வாங்கி வைத்து ஏதாவது ஆனால், இரண்டாவது பிள்ளையையும் நானே கொன்றதாகப் பேசுவார்கள். வாங்காமல் இருந்து பிள்ளை வந்துவிட்டால், அது உடுத்த ஒன்றுமில்லாமல் கிடக்கும். எப்படிப் பார்த்தாலும் பழி என் தலையில்தான்.

கணவரிடம் சண்டை போட்டேன். அவர் பிரிக்பீல்ட்ஸில் ஒரு கம்பெனியில் ஏர்கான் பழுது பார்க்கிறார். அவர் அம்மாவுக்கும் பயம், எனக்கும் பயம். இரண்டு பயத்துக்கும் நடுவில் அவர் ஒரு வழி கண்டுபிடித்தார்.

"அம்மா என்ன சொன்னாங்க? வீட்டுக்குள்ள வரக்கூடாது. அவ்வளவுதானே? கார் வீடு இல்லையே. பின்னால பூட்ல வச்சுக்கலாம்."

கேட்கும்போதே எரிச்சலாக இருந்தது. தாயிடம் நேராகப் பேச முடியாத ஆம்பிளையின் மூளை இப்படித்தான் ஓடும். ஆனால் எனக்கும் நேராகப் பேசத் தெம்பில்லை. சரி என்றேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை கிள்ளானில் நம் தமிழர் கடைகள் இருக்கும் தெருவுக்குப் போனோம். கடைப் பெண் கையில் கூடையோடு ஓடி வந்தாள். வெட் டிஷ்யூவைச் சூடாக்கும் பெட்டி, புட்டியை வேகவைக்கும் மெஷின், பிள்ளை தலைக்கு நடுவில் குழிவிழுந்த தலையணை என்று ஒவ்வொன்றாக எடுத்து நீட்டினாள்.

"அக்கா, ஃபர்ஸ்ட் பேபியா?"

"இல்ல."

"அப்ப மூத்ததோட சாமான் வீட்ல இருக்குமே. இந்த மெஷின் மட்டும் புதுசா எடுத்துக்குங்க."

"மூத்தது செத்துப் போச்சு. நாப்கின் எந்தப் பக்கம் இருக்கு?"

அவள் கூடையைக் கீழே வைத்துவிட்டாள். அதற்கப்புறம் நான் கேட்டதை மட்டும் எடுத்துக் கொடுத்தாள். கணவர், 'அப்படிப் பட்டுன்னு சொல்லணுமா' என்று காதருகில் முணுமுணுத்தார். கேட்டால் சொல்லத்தான் வேண்டும். நானா கேட்கச் சொன்னேன்?

முன்பு வாங்கியவற்றில் பாதி எதற்கும் உதவாதவை என்று கிளினிக்கில் மற்ற தாய்மார்கள் பேசக் கேட்டிருந்தேன். அதனால் கொஞ்சமாகத்தான் எடுத்தேன். முன்பக்கம் கயிறு கட்டும் பருத்திச் சட்டைகள். தலைவழியாக மாட்டும் சட்டை பச்சைப்பிள்ளைக்கு ஆகாது, தொப்புளும் காயாமல் இருக்கும். சுற்றுவதற்கு மெல்லிய துணிகள். மிகச் சின்ன அளவு நாப்கின் ஒரு பொட்டலம், ஏனென்றால் எந்த அளவு சேரும் என்று பிறந்தபின்தான் தெரியும். பஞ்சு. மெல்லிய துண்டு. தேய்த்துவிட ஒரு புட்டி எண்ணெய். எனக்குப் பேட், இரண்டு பூப்போட்ட பாத்திக் கைலி. பவுடர் வாங்கவில்லை. புட்டியும் வாங்கவில்லை, தேவைப்பட்டால் கடை எங்கேயும் ஓடிப்போகாது. பெரிய சாமான் ஒன்றே ஒன்றுதான், காரில் பிள்ளையை வைத்துக் கட்டும் நாற்காலி. சட்டப்படி அது இருக்க வேண்டும். கணவர் அதைப் பழைய ஏர்கான் அட்டைப்பெட்டிக்குள் இறக்கி டேப் ஒட்டினார்.

புதுத் துணியைத் துவைக்காமல் பிள்ளைக்குப் போட முடியாது. வீட்டில் துவைத்தால் வராந்தாக் கொடியில் காயப்போட வேண்டும். உள்ளங்கை அகலச் சட்டையைக் கொடியில் பார்த்தால் மாடி முழுக்கச் சேதி போய்விடும். அதனால் நாலு குடியிருப்புத் தாமான் தள்ளி, காசு போட்டுத் துவைக்கும் டோபிக் கடைக்குப் போனேன். பெரிய மெஷினுக்குள் அந்தக் குட்டித் துணிகள் சுற்றுவதைப் பார்த்துக்கொண்டு, திருட்டுச் சாமான் துவைக்கிறவள் மாதிரி உட்கார்ந்திருந்தேன். சொந்தப் பிள்ளையின் துணி!

துவைத்ததை மடித்துப் பையில் போட்டுப் பின்பெட்டியில் வைத்தோம். பிறகு நாங்கள் செய்த முட்டாள்தனத்தை எங்களைப் போன்றவர்கள்தான் செய்ய முடியும். கணவர் தினமும் அந்தக் காரில்தான் வேலைக்குப் போகிறார். பிறக்காத பிள்ளையின் சட்டைகள் தினமும் காலையில் கிள்ளானிலிருந்து பெட்டாலிங் ஜெயா வழியாக பிரிக்பீல்ட்ஸ் போய், சாயங்கால நெரிசலில் திரும்பி வந்தன. பிள்ளை பகலில் வந்தால் என்ன செய்வது என்று நாங்கள் இருவரும் யோசிக்கவே இல்லை. மறைப்பது எப்படி என்பதிலேயே எங்கள் மூளை தீர்ந்துவிட்டது. மாமியார் ஒருமுறை அரிசி மூட்டையைப் பின்னால் வைக்கச் சொன்னபோது, 'பூட் ரிப்பேர்ம்மா' என்று சொல்லிக் கணவர் அதைப் பின்சீட்டில் உட்காரவைத்துக் கூட்டி வந்தார்.

பிள்ளை பகலில்தான் வந்தது, சொன்ன தேதிக்கு முன்னாலேயே. மதியம் சாப்பிட்டுக் கை கழுவும்போது பனிக்குடம் உடைந்தது. கணவரை ஃபோனில் கூப்பிட்டேன், ஏதோ கட்டடத்தின் மொட்டைமாடியில் இருந்தார். மாமியார் ஃபோனில் கார் பிடிக்கத் தெரியாமல் பக்கத்து வீட்டுக் கதவைத் தட்டினார். அந்த வீட்டுச் சீனப் பெண் கார் வரவழைத்துக் கொடுத்தாள். காரில் மாமியார் என் கையைப் பிடித்திருந்தார். வழியெல்லாம் முருகா முருகா என்றார். எனக்கோ பூட், பூட் என்று மட்டும் மனசுக்குள் ஓடிக்கொண்டிருந்தது.

பிறந்தது பெண். அழுதாள். அவ்வளவு சத்தத்தை நான் எதிர்பார்க்கவில்லை.

"பாஜு பேபி மானா?" என்றாள் மலாய் நர்ஸ். பிள்ளைத் துணி எங்கே என்று கேட்கிறாள். இல்லை என்றேன். என் முகத்தை ஒரு பார்வை பார்த்தாள். அந்தப் பார்வைக்கு மொழிபெயர்ப்பு தேவையில்லை. மருத்துவமனைத் துணி ஒன்றில் பிள்ளையைச் சுற்றி என் பக்கத்தில் வைத்துவிட்டு, வெளியே போய் மாமியாரிடம் துணியும் நாப்கினும் வாங்கி வரச் சொன்னாள்.

கணவர் அப்போது ஃபெடரல் நெடுஞ்சாலை நெரிசலில், மழையில் நின்றுகொண்டிருந்தார், தேவையான எல்லாவற்றையும் முதுகுக்குப் பின்னால் வைத்துக்கொண்டு.

என்னை வார்டுக்கு மாற்றிய பிறகு மாமியார் உள்ளே வந்தார். முந்தானை நனைந்திருந்தது. கையில் பெரிய பிளாஸ்டிக் பை. பிள்ளையைக் குனிந்து பார்த்தார், தொடவில்லை. பையை என் காலடியில் கவிழ்த்தார்.

ஜரிகை வைத்த சிவப்புக் கவுன். முழங்கால்வரை வரும் ஜீன்ஸ் பாவாடை. வெயில் தொப்பி. முதுகில் மாட்டும் பூனைமூஞ்சிப் பை. அடியில், நடந்தால் வெளிச்சம் எரியும் சப்பாத்து ஒரு ஜோடி. நாப்கின் இல்லை. சுற்றுவதற்கு ஒரு முழத் துணி இல்லை.

எனக்குத் தையல் வலி, பசி, கோபம்.

"அத்தை, இதெல்லாம் யாருக்கு?"

"யாருக்கா? இதோ படுத்திருக்காளே, இவளுக்குத்தான்."

"இது ஓடியாடற பிள்ளைக்குப் போடறது. இவ இன்னிக்குத்தான் பொறந்தா. சப்பாத்து எதுக்கு?"

"ஏன், நடக்க மாட்டாளா?" திடீரென்று குரலை உயர்த்தினார். "நடக்க மாட்டாளான்னு கேக்கறேன்! பள்ளிக்கூடம் போக மாட்டாளா?"

பக்கத்துப் படுக்கைக்காரி திரும்பிப் பார்த்தாள். நானும் விடவில்லை. இத்தனை நாள் தொண்டையில் நின்றதை அங்கேயே கேட்டேன்.

"அன்னிக்கு உங்க தங்கச்சி நம்ம வீட்டுல உக்காந்து என்னையப் பேசுனாங்களே, நீங்க ஏன் வாயத் திறக்கல?"

"உன்னையா பேசுனா? என்னையத்தானே பேசுனா."

"என்ன?"

"கட்டில யாரு வாங்குனா? நான். வேணாம் வேணாம்னு நீ சொல்லச் சொல்ல, மூத்த பேரப்பிள்ளைன்னு நான்தானே போய் தூக்கிட்டு வந்தேன். அவளுக்கு அது தெரியும். என்னையத்தான் குத்திக் காமிச்சா. நான் என்ன பதில் சொல்வேன்?"

கட்டிலை அவர்தான் வாங்கினார். அது உண்மை. அந்தப் பேச்சு அவரைக் குத்தியிருக்கும் என்று எனக்குத் தோன்றியதே இல்லை. பழி முழுக்க என்னுடையது என்று நான் எடுத்துக்கொண்டேன், முழுக்கத் தன்னுடையது என்று அவர் எடுத்துக்கொண்டார். கொடி சுற்றியதற்கு இரண்டு பேர் ஒரே வீட்டில் ஆளுக்கொரு மூலையில் தண்டனை அனுபவித்திருக்கிறோம்.

"அத என்கிட்ட ஒரு வார்த்த சொல்லியிருக்கலாம்ல?"

"நீ கேட்டியா? மூஞ்சியத் தூக்கி வச்சுக்கிட்டுக் கொழம்புல உப்பு போதுமான்னுதானே கேட்ட."

அதற்குள் கணவர் சொட்டச் சொட்ட வந்து சேர்ந்தார், பையோடு. மாமியார் அதைப் பார்த்ததும், "ரிப்பேர் ஆன பூட் தெறந்துருச்சா?" என்றார். கணவர் பையைத் திறந்தார். துணியெல்லாம் ஏர்கான் எண்ணெய் வாடை அடித்தது. இரண்டு சட்டையை முகர்ந்து பார்த்துவிட்டு, நாற்றம் குறைந்ததாக ஒன்றை மாமியாரே பிள்ளைக்குக் கட்டினார். அப்போதுதான் அவளை முதல்முதலாகத் தொட்டார்.

மறுநாள் வீட்டுக்கு விட்டார்கள். காரில் நாற்காலியைப் பார்த்ததும் மாமியார் கத்தினார். பச்சைப்பிள்ளையைக் கயிற்றில் கட்டுகிறீர்களே, மடியில் வைத்துக்கொண்டால் என்ன என்றார். நானும் கத்தினேன். நான் சொன்னபடிதான் நடந்தது. அவர் பக்கத்தில் உட்கார்ந்து, வாருக்கு அடியில் விரலை நுழைத்துப் பிள்ளையின் நெஞ்சில் வார் அழுந்தாமல் பிடித்துக்கொண்டே வந்தார்.

ஆற்றுப் பாலம் தாண்டியதும் மகனின் தோளைத் தட்டினார்.

"கடைத் தெருப் பக்கம் விடுப்பா."

"எதுக்கும்மா? வேண்டியதெல்லாம் பின்னால இருக்கு."

"அது நீங்க வாங்குனது. நான் இன்னும் ஒழுங்கா ஒண்ணும் வாங்கலையே."

எனக்குத் தையல் வலியில் உட்கார முடியவில்லை. நேராக வீட்டுக்கு விடச் சொன்னேன். வீடு வரும்வரை அவர் வாங்க வேண்டியவற்றை ஒவ்வொன்றாகப் பிள்ளையிடம் சொல்லிக்கொண்டே வந்தார். பாதிக்கு மேல் உதவாத சாமான். நான் வாயை மூடிக்கொண்டு வந்தேன்.