விழுது இறங்கிய பிறகு

1984 ஆகஸ்ட் 19, ஞாயிறு, காலை ஆறு நாற்பது. இரவுத் தூறல் விட்டிருந்தது; மலைமேல் மேகம், குப்பனூரில் மேல்காற்று. குத்தகைக்கு எடுத்த என் ஒரு ஏக்கரின் வரப்பில் நின்று நிலக்கடலைச் செடியைத் தேடினேன். விதைத்து நாற்பத்தாறு நாள். கோரையும் அருகம்புல்லும் முழங்கால் உயரம் நின்றன. இந்த விளைச்சலில் குத்தகையைக் கட்டாவிட்டால் நிலம் வேறொருவருக்குப் போய்விடும்.

குற்றம் என்னுடையதுதான். மலைமேல் மஞ்சக்குட்டைப் பக்கம் ஒரு காப்பி எஸ்டேட்டில் ஆள் கணக்கு எழுதும் ரைட்டர் நான். அங்கே களையெடுக்க எங்கள் ஊர்ப் பெண்களை நாள்தோறும் ஜீப்பில் ஏற்றிப் பேர் பதிந்தவன் நானே. விதைத்த இருபதாம் நாள் என் காட்டில் களையெடுக்க ஊரில் ஓர் ஆள் மிச்சமில்லை.

இந்த ஞாயிறு எஸ்டேட் விடுமுறை. மேஸ்திரியம்மாவோடு சேர்த்துப் பதினோரு பெண்கள் களைக்கொத்தோடு வந்தார்கள். அவர்களை நடத்தும் அவர் மட்டும் வரப்பைவிட்டு இறங்கவில்லை.

"ஏனுங்க ரைட்டரே, காப்பிக்குக் களை வெட்ட எங்களையெல்லாம் வாரிட்டுப் போனீங்க. உங்க கடலக்கா இங்க ஒளிஞ்சு வெளையாடுதுங்க."

பெண்கள் சிரித்தார்கள். கொத்தினால் இன்றைக்கே முடிந்துவிடும் என்றேன். அவர் குனிந்து ஒரு செடியை விலக்கிக் காட்டினார். பூ உதிர்ந்த இடங்களிலிருந்து விழுதுகள் மண்ணுக்குள் இறங்கியிருந்தன. காய் பிடிப்பது அவற்றின் நுனியில்தான்.

"இனிக் கொத்து ஆகாதுங்க. கையிலதான் புடுங்கோணும். நாலு நாளாகும்."

மறுநாள் அவர்கள் எஸ்டேட்டுக்குப் போயாக வேண்டும். அவர் சொன்னதைக் கேட்காமல் ஒரு கொத்தை வாங்கி, ஒரு சால் முழுக்க நானே கொத்தினேன். அறுந்து கிடந்த விழுதுகளை எண்ணினேன். ஐம்பத்து மூன்று.

"எண்ணியாச்சுங்களா, சாமி?" என்றார், என்னைவிட நான்கு வயது மூத்த மேஸ்திரியம்மா.

கொத்தைத் திருப்பிக் கொடுத்தேன். "நாளைக்கு ஜீப்புல ஏறாதீங்க. நாலு நாளும் இங்கேயே வாங்க, கூலி நான் தர்றேனுங்க. மானேஜருக்கு நானே பதில் சொல்லிக்கிறேன்."

"உங்க சம்பளத்துல கை வெப்பாருங்க."

"வெக்கட்டுமுங்க."

இடக்கையால் செடியின் தூரை அழுத்திக்கொண்டு வலக்கையால் களையைப் பிடுங்க வேண்டும். விழுது அசையக் கூடாது. நானும் லீவு சொல்லாமல் பன்னிரண்டாவது ஆளாக உட்கார்ந்தேன். இரண்டாம் நாளே கோரை விரலைக் கிழித்தது, இடுப்பு விட்டுப்போனது. செவ்வாயன்று மழை தூறியபோது எல்லோரும் மேஸ்திரியம்மாவைப் பார்த்தோம். அவர் சாக்கைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு அடுத்த சாலுக்கு நகர்ந்தார். புதன் மாலை கடைசிச் சால் முடிந்தது.

இன்று அதே காட்டில் விதைத்த மூன்றாம் நாளே களைக்கொல்லி அடித்துவிடுகிறார்கள். ஓர் ஆள், அரை நாள். எனக்கு அந்தப் போகத்தில் பன்னிரண்டு மூட்டை தேறியது. குத்தகை கட்டினேன், நிலம் நின்றது. கூலி பதினோரு பேருக்கு நான்கு நாள், நாற்பத்து நான்கு ஆள், ஆறு ரூபாய் வீதம், இருநூற்று அறுபத்து நான்கு. மானேஜர் பிடித்துக்கொண்ட ஒரு மாதச் சம்பளம் முந்நூற்று நாற்பது. இருபதாம் நாள் எடுக்காத களைக்கு ஆக மொத்தம் அறுநூற்று நான்கு ரூபாய்.