வீரசோழனில் கழற்றிக் கொடுத்த சிப்

தொண்ணூற்றேழாம் வருஷம், ஆனி மாதம் என்று ஞாபகம். அருப்புக்கோட்டையில் ஒரு நூற்பாலையில் எலக்ட்ரீஷியனாக வேலை பார்த்துக்கொண்டிருந்தேன். கூட வேலை பார்த்தவர்களுக்குச் சீட்டுக்கட்டு என்றால் எனக்குப் பழைய கம்ப்யூட்டர். அதற்கு ஆறு வருஷத்துக்கு முன்னால் மில் ஆபீசுக்குப் புதுசு வந்தபோது பழையதை இரும்புக் கடைக்கு எடைக்குப் போடப் போனார்கள். நான் கெஞ்சிக் கேட்டு, சைக்கிள் கேரியரில் வைத்துக் கட்டி, வீட்டுக்குத் தள்ளிக்கொண்டே வந்தேன். அப்படித்தான் ஆரம்பித்தது. அந்த ஆறு வருஷத்தில் எங்கள் இரண்டு அறை வீட்டில் ஒரு அறை முழுக்க அந்தப் பெட்டிகள்தான். அரிசி மூட்டை வைக்க இடமில்லை என்று என் மனைவி சொல்லாத நாள் கிடையாது.

பழையதை வாங்கிப் பிரித்துச் சரிசெய்வதில் எனக்குக் கொஞ்சம் பேர் கிடைத்திருந்தது. கர்வமும் கூடவே வந்திருந்தது என்பதை இப்போது ஒத்துக்கொள்கிறேன்.

அந்தப் பேரைக் கேள்விப்பட்டுத்தான் நெசவாளர் தெருவில் இருந்து ஒரு பெண் வந்தார். என்னைவிட நாலைந்து வயது இளையவராக இருக்கும். வீட்டில் தெலுங்கு பேசுகிற குடும்பம். தோளில் தொங்கிய துணிப்பையில் ஒரு சின்னக் கம்ப்யூட்டர் இருந்தது. டி.வி.யில் மாட்டி, டேப் ரெக்கார்டர் கேசட்டில் இருந்து புரோகிராமை ஏற்றும் ரகம். வெளியூரில் வேலை பார்த்த அவருடைய அண்ணன் எண்பதுகளில் வாங்கிக் கொடுத்தது. அதை வைத்து அவர் செய்த காரியத்தைக் கேட்டு எனக்கு வாய் பிளந்துவிட்டது. சேலை பார்டருக்கான டிசைனைக் கட்டம் போட்ட தாளில் ஒவ்வொரு கட்டமாக அடைத்துத்தானே போடுவார்கள்? இவர் அதையே டி.வி. திரையில் கட்டம் கட்டமாகப் போட்டுப் பார்க்கிறார். ஒரு அன்னத்தைப் போட்டால், அது பார்டர் நெடுக எப்படி அடுத்தடுத்து வரும் என்று உடனே காட்டும்படி அவரே புரோகிராம் எழுதியிருந்தார். ஏழெட்டு வருஷமாகப் போட்ட ஐம்பதுக்கு மேற்பட்ட டிசைன்கள் மூன்று கேசட்டுகளில் இருந்தன.

"நாலஞ்சு கீ அமுக்குனா வேலை செய்ய மாட்டேங்குதுண்ணே. அவசரமில்ல, பாத்து வைங்க," என்றார். கரண்ட் கொடுக்கும் அடாப்டரையும் எடுத்து வந்து தரட்டுமா என்று கேட்டார்.

"எதுக்கும்மா? எங்கிட்ட இல்லாத அடாப்டரா?" என்று சொல்லி அனுப்பினேன்.

கீ போர்டின் அடியில் இருக்கும் பிளாஸ்டிக் பட்டை நுனியில் விரிந்திருந்தது. நுனியைக் கத்தரித்து மறுபடி செருகினேன். அரை மணி நேர வேலை. சோதித்துப் பார்ப்போமே என்று என்னிடம் இருந்த ஒரு டேப் ரெக்கார்டர் அடாப்டரை எடுத்து மாட்டினேன். வோல்ட் சரியாகத்தான் இருந்தது. ஆனால் அந்த அடாப்டரில் நடு முனை ப்ளஸ். அந்தக் கம்ப்யூட்டருக்கோ நடு முனை மைனஸ். பெட்டியின் பின்னாலேயே படம் போட்டிருக்கிறது. மில்லில் யாராவது இப்படிச் செய்திருந்தால் நானே திட்டியிருப்பேன். நான் அந்தப் படத்தைப் பார்க்கவில்லை.

சுவிட்சைப் போட்ட இரண்டாவது நொடியில் வாசம் வந்துவிட்டது. அடுப்படியில் இருந்த மனைவி, "என்னங்க தீயுது?" என்று ஓடி வந்தார். "ஒண்ணுமில்ல" என்றேன்.

மதுரைக்குப் போய், கிடைத்த பாகங்களை எல்லாம் வாங்கி வந்து மாற்றினேன். ஒன்றே ஒன்றுதான் கிடைக்கவில்லை. அந்தக் கம்ப்யூட்டரை உண்டாக்கியவர்கள் அதற்கென்றே செய்த பெரிய சிப். அது போயிருந்தது. கடைக்காரர்கள் அந்த நம்பரைப் பார்த்துவிட்டுச் சிரித்தார்கள்.

அந்தப் பெண் அடுத்த ஞாயிற்றுக்கிழமை வந்தார். "ஒரு பார்ட்ஸு வரணும்மா" என்றேன். அடுத்த வாரமும் வந்தார். "சொல்லி விட்டிருக்கேன், வந்துரும்" என்றேன். மூன்றாவது வாரம் அவருடைய அம்மாவையும் கூட்டிக்கொண்டு வந்தார்.

"அண்ணே, ஆடி பொறந்ததும் மதுரைல இருந்து ஒரு ஜவுளிக்காரர் டிசைன் பாக்க வாராக. அவருக்குப் பிடிச்சிருச்சுன்னா எங்க நாலு தறிக்கும் பொங்கல் வரைக்கும் வேலை இருக்கும். இப்ப ரெண்டு தறி சும்மாதான் கெடக்கு. இன்னும் எட்டு நாளுதான்ணே இருக்கு."

"கண்டிப்பா ஆயிரும்" என்றேன். அந்த அம்மா என்னைக் கும்பிட்டுவிட்டுப் போனார். அந்தக் கும்பிடு என்னை என்னவோ செய்தது. அவர்கள் தெரு முனை திரும்பும் வரைக்கும் என் மனைவி வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு சொன்னார்: "நான் அன்னைக்கே பாத்துட்டேன். அந்தப் புள்ளகிட்ட நீங்க சொல்றீங்களா, நான் சொல்லட்டுமா?"

சொல்வதென்றால் வெறும் கையோடு போய்ச் சொல்லவும் மனசில்லை. எனக்குத் தெரிந்து அதே ரகக் கம்ப்யூட்டர் வைத்திருந்தவர் இந்தச் சுற்று வட்டாரத்திலேயே ஒருவர்தான். வீரசோழனில் ஜவுளிக் கடை வைத்திருந்த ஒரு பாய். அவரிடம் போக முடியாதபடி நான் ஏற்கெனவே ஒரு காரியம் செய்து வைத்திருந்தேன்.

ஒரு எலக்ட்ரானிக்ஸ் பத்திரிகையில் வாசகர்கள் பழைய சாமான்களைப் பரிமாறிக்கொள்ள ஒரு பகுதி வரும். அதில் என் விலாசத்தைப் பார்த்து எனக்குக் கார்டு போட்டவர் அந்த பாய். என் வயதுதான் அவருக்கும். கடையில் கூட்டம் இல்லாத நேரம், துணி பீரோவுக்குப் பின்னால் உட்கார்ந்து எதிலாவது ஈயம் பற்றவைத்துக்கொண்டிருப்பார். இரண்டு வருஷத்துக்கு முன்னால் அவர் என் வீட்டுக்கு வந்து, நல்ல மானிட்டர் ஒன்றைக் கொடுத்துவிட்டு, பதிலுக்கு ஒரு பிளாப்பி டிரைவை வாங்கிக்கொண்டு போனார். கொஞ்ச நேரம் ஓடிச் சூடானால் அந்த டிரைவ் நின்றுவிடும். அது எனக்குத் தெரியும். ஐந்து நிமிஷம் ஓட்டிக் காட்டிவிட்டு, துணியில் சுற்றிக் கொடுத்தேன். குழந்தையைப் போல மடியில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் போனார்.

பத்து நாளில் ஒரு கார்டு வந்தது. 'டிரைவ் சூடானால் படிக்கவில்லை. பஸ் குலுக்கலில் ஏதாவது ஆகியிருக்கும் போல. உங்களுக்கு வழி தெரிந்தால் எழுதவும்.' நான் பதில் போடவில்லை. அதற்கப்புறம் அவரும் எழுதவில்லை.

அந்த வெள்ளிக்கிழமை மில்லில் லீவு சொல்லிவிட்டு, திருச்சுழி வழியாகப் போகும் பஸ்ஸில் ஏறினேன். வழி நெடுகக் கருவேலங்காடும் காய்ந்த கண்மாயும்தான். என்ன பேசுவது என்று யோசித்துக்கொண்டே போனேன். இறங்கியபோது ஒரு வார்த்தைகூட மிஞ்சவில்லை.

தொழுகை முடிந்து பாய் அப்போதுதான் கடையைத் திறந்துகொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும், "அட, வாங்க சார்! வெயில்ல வந்திருக்கீக, மொதல்ல உக்காருங்க," என்று ஃபேனைத் திருப்பி வைத்தார். சர்பத் வந்தது. குடிக்காமல் கீழே வைத்தேன். அந்தப் பெண்ணின் கம்ப்யூட்டரை நான் எரித்த கதையை முழுக்கச் சொன்னேன். "உங்ககிட்ட இருக்கிறதுல இருந்து அந்தச் சிப்பைக் கொடுத்தீகன்னா, எங்க வீட்டு ரூம்ல இருக்கிற எதை வேணும்னாலும் எடுத்துக்கங்க பாய்" என்றேன்.

அவர் என்னை உள்ளே கூட்டிப் போனார். சுத்தமான சின்ன அறை. ஒவ்வொரு பெட்டியின் மேலும் தூசி படாமல் கடைத்துணி வெட்டிப் போர்த்தியிருந்தார். நடுவில், அவருடைய மச்சான் வெளிநாட்டில் இருந்து கொண்டு வந்து கொடுத்த அந்தச் சின்னக் கம்ப்யூட்டர். அவர் முதன்முதலில் கற்றுக்கொண்டது அதில்தான். அதற்குப் பக்கத்தில் என் பிளாப்பி டிரைவ். மேல் மூடியைக் கழற்றிவிட்டு, ஒரு சின்ன ஃபேனைக் காற்று படும்படி கம்பியில் கட்டி வைத்திருந்தார்.

அதைப் பார்த்ததும் என்னால் முடியவில்லை. "பாய், அந்த டிரைவு…" என்று ஆரம்பித்து, "பஸ் குலுக்கல் இல்ல. அது கெட்டதுன்னு எனக்கு முன்னாலேயே தெரியும்" என்று சொல்லிவிட்டேன்.

"தெரியும் சார்," என்றார். "தொறந்து பாத்த அன்னைக்கே தெரிஞ்சுபோச்சு. உள்ள நீங்க ஏற்கெனவே பத்தவச்சுப் பாத்த தடம் இருந்துச்சு."

"பெறகு ஏன் பஸ் குலுக்கல்னு எழுதுனீக?"

அவர் கொஞ்சம் கூச்சப்பட்ட மாதிரி இருந்தது. "நீங்க திரும்பி வந்து பேசுறதுக்கு ஒரு வழி இருக்கட்டுமேன்னுதான். 'ஏமாத்திட்டீக'ன்னு எழுதியிருந்தா அதோட முடிஞ்சிருக்கும். இங்கன இந்தக் கிறுக்கு நம்ம ரெண்டு பேருக்கும்தான இருக்கு? வேற யாருகிட்டப் போயிப் பேச?"

அவர் அதற்குள் ஸ்க்ரூ டிரைவரை எடுத்துத் தன் கம்ப்யூட்டரைத் திறந்துவிட்டார். அந்தச் சிப் சாக்கெட்டில்தான் உட்கார்ந்திருந்தது. இரண்டு பக்கமும் மாறி மாறி மெதுவாக நெம்பி, ஒரு கால்கூட வளையாமல் எடுத்தார். சிகரெட் பெட்டியின் ஈயத்தாளை விரித்துச் சுற்றி, ஒரு தீப்பெட்டியில் வைக்கப் பார்த்தார், கொள்ளவில்லை. ஒரு பட்டன் டப்பாவைக் காலிசெய்து அதில் வைத்தார். பிறகு சட்டையை மாட்டிக்கொண்டு, தன்னுடைய அடாப்டரையும் ஒரு பையில் எடுத்துப் போட்டார்.

"அது எதுக்கு பாய்?"

"நானும் வாரேன். சிப்பு ஒண்ணுதான் இருக்கு. உங்க அடாப்டர நம்பி அனுப்ப முடியுமா?" என்றார். இருவரும் சிரித்துவிட்டோம். எனக்கு அந்தச் சிரிப்பு பாதியில் அழுகையாக மாறியதை அவர் கவனிக்காதது போலக் கடையைப் பூட்டினார்.

அருப்புக்கோட்டையில் இறங்கியதும் என் வீட்டில் போய்க் கம்ப்யூட்டரை எடுத்துக்கொண்டு நேராக அந்தப் பெண்ணின் வீட்டுக்குப் போனோம். தறிச் சத்தம் தெருவிலேயே கேட்டது. சிப்பை மாட்டுவதற்கு முன்னால், நடந்ததைச் சொன்னேன். கீ போர்டு சரியானது, அடாப்டரை மாற்றிப் போட்டது, மூன்று வாரமாகப் பொய் சொன்னது, எல்லாம். தறியை நிறுத்திவிட்டு அவருடைய அப்பாவும் வந்து நின்றார்.

அந்தப் பெண் கம்ப்யூட்டரை வாங்கி டி.வி. பக்கத்தில் வைத்தார். பிறகு, "கெட்டுப்போனது கூடப் பரவாயில்லண்ணே. மொத வாரமே சொல்லியிருந்தா உக்காந்து மறுபடி தாள்லயாவது போட்டிருப்பேன். மூணு வாரத்த எடுத்துட்டீகளே" என்றார். சத்தம் போடவில்லை. அதைவிடச் சத்தம் போட்டிருக்கலாம்.

பாய் சிப்பைப் பொருத்தினார். டி.வி.யைப் போட்டோம். வெள்ளைத் திரை வந்தது, கீழே ஒரு வரி எழுத்து வந்தது. கேசட்டைப் போட்டதும் அந்தக் கிரீச்சென்ற சத்தம். திரையின் ஓரத்தில் வண்ணக் கோடுகள் ஓடின. முக்கால்வாசி போனதும் நின்று, பிழை என்று காட்டியது. "தள்ளுங்கண்ணே" என்று அந்தப் பெண் வந்து, டேப் ரெக்கார்டரின் சத்தத்தை ஒரு மயிரிழை குறைத்து, கேசட்டைத் திரும்ப ஓட்டினார். இந்தத் தடவை நிற்கவில்லை. திரை முழுக்க ஒன்றன் பின் ஒன்றாக அன்னங்கள் வரிசையாக நின்றன.

அவருடைய அம்மா தெலுங்கில் ஏதோ சொல்லி, பாயைப் பார்த்துக் கும்பிட்டார். பாய் பதறிப்போய் எழுந்துவிட்டார்.

மீதி இருந்த மூன்று நாளும் அந்தப் பெண் எந்த மிஷினையும் நம்பவில்லை. காட்ட வேண்டிய டிசைன்களை எல்லாம் ராப்பகலாக உட்கார்ந்து கட்டத்தாளில் கையால் எடுத்து வைத்துவிட்டார். மதுரை ஜவுளிக்காரர் வந்து அவற்றில் மூன்றைத் தேர்ந்தெடுத்தார். நாலு தறியும் ஓடின. ஆனால் அந்தப் பெண் அதற்கப்புறம் எந்த ரிப்பேருக்கும் என்னிடம் வரவில்லை; அது நியாயம்தான். பல மாதம் கழித்து பஸ் ஸ்டாண்டில் பார்த்தபோது முதலில் கேட்டது, "அண்ணே, பாய் நல்லாருக்காகளா?" என்றுதான்.

அந்த வாரமே, பாய் முன்பு கொடுத்த மானிட்டரை வீரசோழனுக்குத் தூக்கிக்கொண்டு போய்க் கொடுத்தேன். சிப்புக்காகத் தெரிந்த இடமெல்லாம் எழுதினேன். இரண்டு வருஷத்துக்கும் மேல் ஆனது. கடைசியில் கோயம்புத்தூரில் ஒருவர், ஓடாத கம்ப்யூட்டர் ஒன்றைப் பார்சலில் அனுப்பினார். அதில் அந்தச் சிப் மட்டும் உயிரோடு இருந்தது. அதுவரை பாய் ஒரு தடவைகூடக் கேட்கவில்லை. நான் கொண்டு போய்க் கொடுத்த அன்று, அவர் தன் கம்ப்யூட்டரைப் போட்டுத் திரையைப் பார்த்தபடி, "ஏலே, வந்துருச்சுல்ல!" என்று என் முதுகில் ஒரு அடி வைத்தார். அன்றோடு என்னைச் சார் என்று கூப்பிடுவதை விட்டுவிட்டார்.

இப்போதெல்லாம் ஒரு வேலையைக் கெடுத்துவிட்டால் அன்றைக்கே போய்ச் சொல்லிவிடுகிறேன். சொல்லப் போகிற இடத்தில் எல்லாரும் அவரைப் போல இருக்க மாட்டார்கள் என்று தெரியும். ஆனாலும் அப்படி ஒரு மனிதர் எனக்கு வாய்த்திருந்தார் என்ற நன்றிதான், தயங்கி நிற்கிற என் காலை ஒவ்வொரு தடவையும் சொல்லவேண்டிய வீட்டு வாசல் வரைக்கும் கொண்டுபோய்ச் சேர்க்கிறது.