அண்ணன் நிதானமாகச் சாப்பிட்ட பந்தி

இந்த நினைவு மலரில் அண்ணனைப் பற்றி நான்தான் எழுத வேண்டும் என்று அண்ணி சொல்லிவிட்டார். எந்த விசேஷத்திலும் முதல் பந்தியில் உட்காருபவன் என்பதைத் தவிர எனக்கு வேறு தகுதி கிடையாது. பொறுத்தருள்க.

அண்ணன் பிறந்தது சேலையூரில். அப்பா சீக்கிரமே காலமாகிவிட, படிப்பை நிறுத்திவிட்டு, கேம்ப் ரோட்டில் பெயின்ட் கடை வைத்து எங்களை ஆளாக்கினார். மதியச் சாப்பாட்டை நின்றபடியே நாலு வாயில் முடித்துவிடுவார். என்ன குழம்பு என்று கேட்டால், காலி டப்பாவைத் திறந்து பார்த்துத்தான் சொல்வார்.

ஐம்பதைத் தாண்டியதும் சர்க்கரை வந்தது. சோற்றைக் கண்டாலே பயம். பகலெல்லாம் பட்டினி, சாயங்காலம் பசி தாங்காமல் போண்டாவை விழுங்கிவிட்டுத் தன்னையே திட்டிக்கொள்வார். விருந்துக்குப் போவதையே விட்டார். மகளுக்குக் கல்யாணம் நிச்சயமானபோதும், "வாசல்ல நின்னு எல்லாரையும் வாங்கன்னு சொல்றேன். பந்தி மட்டும் வேணாம்டா" என்றார்.

"நீங்க சாப்பிடலன்னா நானும் உட்கார மாட்டேம்ப்பா" என்று மகள் அழுதாள்.

டாக்டர்தான் தைரியம் சொன்னார்: "பட்டினி வேணாம் சார். அளவா வெச்சு, உட்கார்ந்து, மென்னு சாப்பிடுங்க." அன்று முதல் மாலையில் மொட்டைமாடியில் தட்டோடு உட்காருவார். டிவி இல்லை, போன் இல்லை. தூரத்தில் விமானங்கள் விளக்கோடு மிதந்து இறங்கும். அண்ணன் கண்ணை மூடி, ஒரு வாய் கீரைக்குள் எங்கோ போய்விடுவார். சர்க்கரை இறங்கி மயங்கிவிட்டார் என்று பதறி, நான் ஒரு நாள் அவர் வாயில் சீனியைத் திணித்தேன்.

"அறிவுகெட்டவனே, ருசி பாத்துகினு இருக்கேன்டா!"

கல்யாணம் அஸ்தினாபுரத்து மண்டபத்தில். அண்ணன் என் பக்கத்தில் உட்கார்ந்தார். நம் ஊர் வழக்கப்படி நாற்காலிக்குப் பின்னால் அடுத்த பந்திக்காரர்கள் வந்து நின்றதும், அவர் கை பழையபடி வேகமெடுத்தது.

"இன்னா சார், எல்லா இலைக்கும் ரசம் வந்துடுச்சு. இவரு இன்னும் சாம்பார்லயே இருக்காரே?" என்றார் பின்னால் நின்ற பெரியவர்.

"பொண்ணோட அப்பா சார். சுகர் வேற. கொஞ்சம் பொறுங்க" என்றேன்.

"எனக்கும் சுகர்தான் தம்பி. பசி தாங்காது."

பாயசம் இரண்டு இலை தள்ளி வந்துகொண்டிருந்தது. வாழ்நாளில் முதன்முறையாக, பாயசம் வரும்போது எழுந்தேன். பெரியவரை என் இடத்தில் உட்காரவைத்து, அண்ணன் முதுகுக்குப் பின்னால் காவல் நின்றேன்.

"மெதுவா சாப்பிடுங்க சார்" என்றார் அண்ணன் அவரிடம். "பின்னாடி நிக்கிறது என் தம்பிதான். அவன் எப்பவும் பசியோடதான் இருப்பான்."

அண்ணன் கை நிதானப்பட்டது. மேளச் சத்தம் எங்கோ தூரத்தில் கேட்டது. மின்விசிறிக் காற்றில் இலை நுனி அசைந்தது. ஒரே ஒரு கரண்டி பாயசத்தை இருவரும் கண்மூடிச் சுவைத்தார்கள். சாப்பாட்டுக்கூட வாசலிலிருந்து மகள் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அடுத்த மழைக்காலத்தில் அண்ணன் தூக்கத்திலேயே எங்களைப் பிரிந்தார்.

டாக்டருக்கும், பந்தி நடுவே புது இலை போட்ட பரிமாறும் தம்பிகளுக்கும், துக்கத்தில் தோள் கொடுத்த அனைவருக்கும் எங்கள் நன்றி. இந்த முதலாண்டு நினைவு நாளுக்கு வந்திருப்பவர்கள் இருந்து சாப்பிட்டுப் போக வேண்டும். நாற்காலிக்குப் பின்னால் யாரும் நிற்கக் கூடாதென்பது அண்ணியின் உத்தரவு. என்னைப் பார்த்துத்தான் சொன்னார்.