ஓடியவரை நிற்க வைத்தார்கள்

“வாய்க்கு என்ன பூட்டா போட்டிருக்கு? பேசுங்க சார்!”

ட்ரெட்மில்லில் நடந்துகொண்டிருந்த ஓய்வுபெற்ற வங்கி மேலாளர், என்ன பேசுவது என்று தெரியாமல் மருமகனைத் திட்ட ஆரம்பித்தார். பயிற்சி தரும் பிசியோதெரபிஸ்டான அவளுக்கு வேண்டியதும் அதுதான். இடுப்பில் கைவைத்துத் தலையைச் சாய்த்து, மருமகன் செய்த அக்கிரமத்தை அக்கறையாகக் கேட்டாள். வாக்கியம் பாதியில் உடைந்து, மனிதர் காற்றுக்கு வாயைத் திறந்த கணத்தில் பொத்தானைத் தட்டி வேகத்தைக் குறைத்தாள். “மருமகன் எங்கயும் ஓடிட மாட்டார். நாளைக்கும் திட்டலாம். மெதுவா.”

மருத்துவமனையின் கீழ்த்தளத்தில், சலவைக்கூடத்துக்குப் பக்கத்து அறை அவளுடையது. இரண்டு ட்ரெட்மில், மூன்று மிதி சைக்கிள், அதில் ஒன்று கீச்சிடும். கூரையை ஒட்டிய சன்னல் வழியாகத் தெருவில் போகிறவர்களின் செருப்புகள் மட்டும் தெரியும். மாரடைப்பில் பிழைத்தவர்களும் நெஞ்சைத் திறந்து தைத்துக்கொண்டவர்களும் இங்கேதான் மறுபடி நடக்கக் கற்கிறார்கள். எல்லாரும் ஒரே நேரத்தில் சத்தமாகப் பேசிக்கொண்டே நடப்பதால், வெளியே கேட்பவர்களுக்கு உள்ளே சந்தை கூடியிருப்பதுபோல் இருக்கும். நடுவில் அவள் குரல் வெடிக்கும். நோயாளிகள் அவளுக்கு வைத்த பெயர் பட்டாசு மேடம். அது அவளுக்கும் தெரியும். “எங்க வீட்ல குக்கர் ரெண்டு. ஒண்ணுதான் அடுப்புல இருக்கும்” என்று அவள் கணவர் வருகிற விருந்தாளிகளிடமெல்லாம் சொல்லி வைத்திருக்கிறார்.

கோபம் அவளுக்குப் புதிதல்ல. இதய மருத்துவர்கள் எழுந்துபோகும் அவசரத்தில் “கொஞ்சம் வாக்கிங் போங்க” என்று சொல்லிவிடுவார்கள். எவ்வளவு, எப்படி, எப்போது நிறுத்துவது என்று சொல்ல மாட்டார்கள். அதைக் கேட்டால் அவளுக்குக் கோபம் வரும். கையில் கட்டிய வாட்சைப் பார்த்துக்கொண்டே நடப்பவர்களைக் கண்டால் இன்னும் வரும். “நீங்க சாப்பிடற மாத்திரை இதயத் துடிப்பைக் கடிவாளம் போட்டுப் பிடிச்சு வச்சிருக்கு. வாட்ச்ல நம்பர் ஏறாது. ஏறலையேன்னு நீங்க வேகத்தைக் கூட்டுவீங்க. மூச்சு அப்படி ஏமாத்தாது. பேச முடிஞ்சா சரியான வேகம். பாட்டே பாட முடிஞ்சா சோம்பேறித்தனம். பேச்சு நின்னா ஆபத்து.” பக்கத்துத் தெரு உடற்பயிற்சிக்கூடம் ஒன்று, மூச்சு முட்டினால்தான் முன்னேற்றம் என்று ஒரு விளம்பரத்தை மருத்துவமனைச் சுவரிலேயே ஒட்டிவிட்டுப் போனது. அதை அவள் நகத்தால் சுரண்டிய அடையாளம் இன்னும் இருக்கிறது.

அச்சகக்காரர் அந்த அறைக்கு முதல்முறை வந்தபோது மனைவியின் தோளைப் பிடித்துக்கொண்டு வந்தார். விசிட்டிங் கார்டு, திருமண அழைப்பு என்று அடித்துக் கொடுக்கும் சின்ன அச்சகம். காகிதம் வெட்டும் இயந்திரத்தின் பக்கத்திலேயே நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவர். வீட்டுக்குத் திரும்பிய பிறகு மைத்துனர்கள் அவரை ஒரு வாளித் தண்ணீர்கூடத் தூக்க விடவில்லை. மண்பானையைப்போல ஓரமாக வைத்துவிட்டார்கள்.

“இதயம்னா கண்ணாடி மாதிரி இல்லீங்களா மேடம்? வேகமா நடந்தா ஒடைஞ்சிடாதா?”

“கண்ணாடியா? யாரு சொன்னது? அது சதைண்ணே. வேலை குடுத்தா வலுவாகும். குடுக்காட்டி சுணங்கிப் போயிடும்.” அவர் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டே சொன்னாள். “தினம் மெதுவா, ரொம்ப நேரம் நடந்தீங்கன்னா, ஒவ்வொரு துடிப்புக்கும் அது நல்லா நிரம்பி, நெறைய ரத்தத்தைத் தள்ளப் பழகும். அப்புறம் அதே மாடிப்படிக்கு இவ்வளவு அடிச்சுக்க வேண்டியதில்ல. கால் சதைக்குள்ள முடியை விட மெல்லிசா புதுப் புது ரத்தக் குழாய் கிளைவிடும். சதையும் ரத்தத்துல இருந்து காத்தை நல்லாப் பிடிச்சு வாங்கக் கத்துக்கும். ஆனா அதுக்கு மாசக்கணக்கு ஆகும். அவசரப்பட்டா அதெல்லாம் வளராது, நீங்கதான் சுருண்டு விழுவீங்க.”

“புரியுதுங்க. புது மிஷின் வாங்கினா நாங்களும் மொதல்ல மெதுவாத்தான் ஓட்டுவோம்.”

“மிஷின் ஓட ஓடத் தேயும். நீங்க ஓட ஓடத் தேறுவீங்க. வித்தியாசம் இருக்குல்ல? ஏறுங்க மேல.”

ஏறினார். முதலில் சில நிமிடம்தான். பிறகு நேரம் கூடியது. நேரம் கூடிய வாரத்தில் வேகம் கூடக் கூடாது என்பது அவள் சட்டம். மழைக்காலம் முடிவதற்குள் நடை மெல்லோட்டம் ஆயிற்று. வாரத்தில் ஒரு நாள் மட்டும் கொஞ்சம் விரட்டுவாள், உடனே இளைப்பாற விடுவாள், மறுபடி விரட்டுவாள். ஓய்வு நாளில் ஆர்வக்கோளாறில் வந்து நின்றவரை வாசலிலேயே மறித்தாள். “உடம்பு கட்டுறதே ஓய்வு நாள்லதான். கொத்தனாரை வேலை செய்ய விடுங்க. போங்க வீட்டுக்கு!”

எல்லாவற்றுக்கும் மேலான சட்டம் ஒன்று உண்டு. முடிக்கும்போது டக்கென்று நிற்கக் கூடாது. “ஓடும்போது கால் சதை ஒரு பம்பு மாதிரி. கீழ எறங்கின ரத்தத்தை அதுதான் பிழிஞ்சு மேல அனுப்புது. சட்டுனு நின்னீங்க, பம்பு நின்னு போச்சு. ரத்தம் கால்லயே தங்கிடும். தலை காலி, இதயம் காலி. அதனால வேகத்தைக் குறைச்சுக்கிட்டே வந்து, நடந்து, அப்புறம்தான் நிக்கணும்.” யாராவது ஓடிய சூட்டோடு இறங்கி நின்றால் அவள் போடும் கூச்சலில் சலவைக்கூடத்து அம்மா ஈரத் துணியோடு எட்டிப் பார்ப்பாள்.

ஒரு நாள் அச்சகக்காரரின் மனைவி முகமெல்லாம் சிரிப்பாக வந்தாள். “மேடம், இப்பல்லாம் மாடிப்படி ஏறிக்கிட்டே என்கிட்ட சண்டை போடறாரு! மூச்சே வாங்கல!” அன்று பட்டாசு மேடம் யாரையும் திட்டவில்லை.

அப்போதுதான் நிர்வாக இயக்குநர் கீழே இறங்கி வந்தார். அந்த அறைக்கு அவர் வந்தது அதுவே முதல்முறை. கீச்சிடும் சைக்கிளைப் பார்த்து முகம் சுளித்துவிட்டு விஷயத்துக்கு வந்தார். மருத்துவமனையின் ஆண்டுவிழாவுக்கு ஊர் அறிய ஓர் ஓட்டம். இவளிடம் தேறிய இதய நோயாளிகள் சிவப்புப் பனியன் போட்டுக்கொண்டு முதல் வரிசையில் ஓட வேண்டும்.

“நடக்கட்டும் சார். கடைசி வரிசையில, அவங்க வேகத்துல. நானும் கூட வர்றேன்.”

“நடந்தா யாரு மேடம் படம் எடுப்பாங்க?”

“படம் எடுக்கவா நான் இவங்களைத் தேத்தி விட்டேன்? கூட்டத்தைப் பார்த்தா, மைக் சத்தம் கேட்டா, இவங்க காலு இவங்க பேச்சைக் கேக்காது. என் ஆளுங்க யாரும் ஓட மாட்டாங்க.”

அவர் சிரித்துக்கொண்டே போய்விட்டார். விஷயம் முடிந்தது என்று அவள் நினைத்தாள். முடியவில்லை. அவர் தன் அறைக்குப் போய் அச்சகக்காரருக்கே போன் போட்டார். நீங்கள்தான் எங்கள் பெருமை என்றார். மண்பானையாக வைக்கப்பட்ட மனிதருக்கு அந்த ஒரு வார்த்தை போதாதா? மைத்துனர்கள் பார்க்க ஓட வேண்டும் என்று அவருக்கு ஆசை வந்துவிட்டது. தடுத்த மனைவியிடம், “மேடமே ஓடச் சொல்லிட்டாங்க” என்று ஒரு பொய்யையும் சொல்லிவிட்டார்.

ஞாயிற்றுக்கிழமைக் காலை சலவைக்கூடத்து அம்மாவிடமிருந்து போன் வந்தது. “உங்க அச்சகக்காரர் சிவப்புப் பனியன் போட்டு ஓடக் கெளம்பிட்டாரு மேடம்.” அடுப்பை அணைத்தாளா இல்லையா என்று அவளுக்கு நினைவில்லை. ஸ்கூட்டரை எடுத்தாள். ஓட்டத்துக்காகச் சாலையை அடைத்திருந்தார்கள். வண்டியை அங்கேயே சாத்திவிட்டு நடைபாதையில் ஓடினாள்.

முடிவுக்கோடு கண்ணுக்குத் தெரிந்தபோது அவரும் தெரிந்தார். அதுவரை அளவாகத்தான் ஓடி வந்திருக்கிறார். மேடையில் ஒருவன் மைக்கை விழுங்குவதுபோல் பிடித்துக்கொண்டு, “பாருங்க, பாருங்க, மறுபிறவி எடுத்தவர் வர்றாரு!” என்று அலறினான். அச்சகக்காரரின் கால்கள் அந்தச் சத்தத்தைக் கேட்டன. பாய்ந்தார். இளவட்டங்கள் இரண்டு பேரை முந்திக்கொண்டு ரிப்பனைத் தாண்டினார்.

தாண்டியும் நிற்கவில்லை. அத்தனை இரைச்சலிலும் அவள் சொன்னது நினைவிருந்திருக்க வேண்டும். வேகத்தைக் குறைத்து நடந்துகொண்டே போனார். இயக்குநர்தான் குறுக்கே வந்து தோளைப் பிடித்தார். “எங்க சார் போறீங்க? இங்க நில்லுங்க. மெடல். ஆடாம நில்லுங்க. கேமராவைப் பாருங்க.”

“நடக்க விடுங்க!” தடுப்புக்கு இந்தப் பக்கமிருந்து அவள் கத்தினாள். “டேய், அவரை நடக்க விடுங்கடா!”

ஒலிபெருக்கி அவள் குரலைத் தின்றுவிட்டது. அச்சகக்காரர் சொன்னபடி ஆடாமல் நின்றார். கேமராவைப் பார்த்துச் சிரித்தார். சிரிப்பு முகத்திலேயே இருக்க, முழங்கால் இரண்டும் மடங்கின.

தடுப்பை எப்படித் தாண்டினாள் என்று தெரியாது. கழுத்தில் விரல் வைத்தாள். துடிப்பு இல்லை. மெடலை ஒதுக்கித் தள்ளிவிட்டு மார்பை அழுத்த ஆரம்பித்தாள். மேடைக்குப் பின்னால் ஆம்புலன்ஸ், படத்துக்கு அழகாகப் பூமாலை கட்டி நின்றது. டிரைவர் டீ குடிக்கப் போயிருந்தார். ஒரு நர்ஸ் உள்ளேயிருந்து அதிர்ச்சி கொடுக்கும் பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஓடி வரும்வரை அவள் கை நிற்கவில்லை. பெட்டி அவரை ஒருமுறை உதறியது. இன்னொரு முறை. இதயம் திரும்பி வந்தது.

தீவிர சிகிச்சைப் பிரிவின் வாசலில் அவர் மனைவி அவள் மேல் பாய்ந்தாள். “நீங்க சொன்னதாலதானே போனாரு! உங்களை நம்பித்தானே விட்டேன்! பெரிய இவங்க மாதிரி எல்லாரையும் திட்டுவீங்களே, இப்ப என்ன சொல்றீங்க?”

நான் அப்படிச் சொல்லவே இல்லை என்று சொல்ல ஒரு நொடி போதும். சொன்னால் அந்தப் பெண்ணின் கோபம் உள்ளே குழாய்களோடு கிடக்கும் மனிதர் மேல் திரும்பும். பல்லைக் கடித்துக்கொண்டு, அந்தப் பெண் திட்டி முடிக்கும்வரை சுவரோரமாக நின்றாள். விழுங்கிய கோபம் நெஞ்சுக்குள் கரையாமல் அப்படியே கிடந்தது.

அதைத்தான் மறுநாள் இயக்குநர் அறையில் கொட்டினாள்.

“அவரே விருப்பப்பட்டு ஓடினார் மேடம். நாங்க யாரையும் கட்டாயப்படுத்தல.”

“ஓட வான்னு போன் போட்டது யாரு? சரி, ஓடினதுல அவர் ஆசையும் இருக்கு, விடுங்க. நிக்க வச்சது யாரு? நடந்துக்கிட்டு இருந்தாரு சார்! சரியாத்தான் நடந்துக்கிட்டு இருந்தாரு. தோளைப் பிடிச்சு நிக்க வச்சது யாரு?”

“உணர்ச்சிவசப்படாதீங்க.”

“உணர்ச்சிவசப்படல. கோபப்படறேன். ரெண்டும் வேற.”

அடுத்த நாள் கீழ்த்தள அறைக்குப் பூட்டுத் தொங்கியது. விசாரணை முடியும்வரை திறக்கக் கூடாதாம். விசாரணை யாரை, எதற்காக என்று யாரும் சொல்லவில்லை. வரவேற்பறையிலோ பெரிய படம் ஒன்று மாட்டப்பட்டிருந்தது. மெடலோடு அச்சகக்காரர் சிரிக்கிறார், பக்கத்தில் இயக்குநர். விழுவதற்கு முந்திய நொடி. அவள் நாற்காலி போட்டு ஏறி அதைக் கழற்றினாள். மறுநாள் மறுபடி மாட்டினார்கள். மறுபடி கழற்றினாள். அதற்குப் பிறகு அது வரவில்லை.

அறை இல்லையென்றால் என்ன, கட்டடத்தைச் சுற்றி வண்டி நிறுத்துமிடம் இருக்கிறது. தன் ஆட்களையெல்லாம் அங்கே கூட்டிவந்து சுற்ற விட்டாள். வங்கி மேலாளர் மருமகனைத் திட்டிக்கொண்டே கார்களுக்கு நடுவில் நடந்தார். காவலாளி வந்து இங்கெல்லாம் நடக்கக் கூடாது என்றார். அவள் திரும்பிப் பார்த்தாள். அவர் போய்விட்டார்.

வெயில் ஏறத் தொடங்கிய ஒரு காலையில் அச்சகக்காரர் வந்தார். பாதியாக இளைத்திருந்தார். மறுபடி மனைவியின் தோள்தான் துணை. தான் சொன்னது பொய் என்று அவர் மனைவியிடம் ஒப்புக்கொண்டுவிட்டார் போலிருந்தது. அந்தப் பெண்ணால் அவளை நிமிர்ந்து பார்க்க முடியவில்லை.

“மேடம், அன்னிக்கு நான் தெரியாம உங்களை…”

“விடும்மா. இவருக்கு எதுக்குச் செருப்பு? ஷூ எங்க?” என்றாள். பிறகு அவர் பக்கம் திரும்பினாள். குரலில் இம்மியும் இளக்கமில்லை. “உங்க மேல இன்னும் கோபம் போகலண்ணே. போனதும் சொல்றேன். பழையபடி மொதல்ல இருந்துதான். இன்னிக்கு அந்த வேப்பமரம் வரைக்கும் போய்ட்டுத் திரும்பணும். அதுக்கு மேல ஒரு அடி வைக்கக் கூடாது.”

அவர் தலையாட்டிவிட்டு நடக்க ஆரம்பித்தார். ஒவ்வோர் அடியாக வைத்தார். வழியின் நடுவில் வந்தபோது பின்னாலிருந்து ஹாரன் அடித்தது. இயக்குநரின் கார். வாயிலுக்குப் போக அது ஒன்றுதான் வழி. ஹாரன் இன்னொரு முறை, நீளமாக அடித்தது. அச்சகக்காரர் பதறி, ஒதுங்கிக்கொள்ள வேகமாக ஓர் அடி எடுத்து வைக்கப் போனார்.

அவள் காருக்கு முன்னால் போய் நின்றாள். உள்ளே யார் என்று பார்க்கவில்லை. வெயிலில் காய்ந்த பானெட்டின் மேல் உள்ளங்கையை விரித்து வைத்து, அவர் முழுதாகக் கடந்து போகும்வரை எடுக்காமல் அழுத்திக்கொண்டு நின்றாள்.