சுவிட்சர்லாந்திலிருந்து வந்த தடை

வளைகுடாவில் ஒரு பெண்கள் கால்பந்து அணி என்னைக் கோல்கீப்பராக எடுத்திருந்தது. விசா வந்துவிட்டது. இனி உலகக் கால்பந்து அமைப்பின் வழியாக ஒரு மாற்றுச் சான்று வரவேண்டும். அது இல்லாமல் வேறு நாட்டு அணியில் ஆட முடியாது. அதற்காகக் காத்திருந்தபோதுதான், நம் நாட்டுக் கால்பந்துச் சங்கத்தில் வெளியார் தலையீடு இருக்கிறதென்று சொல்லி அந்த அமைப்பு இந்தியாவையே தடைசெய்தது.

தேங்காய்ப்பட்டணத்து வீட்டில் நான் அந்தச் செய்தி ஓடிய டிவி முன்னால் நின்றுகொண்டிருந்தேன். தக்கலையில் மீன் விற்றுவிட்டு வந்த அம்மா கூடையை இறக்கினாள்.

"நீ என்ன தெத்து, என்ன தப்பு செய்த மக்கா?"

"நான் ஒண்ணும் செய்யேல்லம்மா."

"பின்ன உன்ன எதுக்கு வெலக்கினாவ? அந்த ஆபீசு எங்க இருக்கு?"

"சுவிட்சர்லாந்துல."

"அவியளுக்கு உன்னத் தெரியுமா?"

தெரியாது என்றேன். அதன்பிறகு என்னால் ஓரிடத்தில் உட்கார முடியவில்லை. சோற்றைப் பிசைந்துவிட்டு எழுந்துவிடுவேன். கடற்கரையில் பையன்களை ஓயாமல் பந்தடிக்கச் சொல்லி விழுந்து விழுந்து பிடித்தேன். முழங்கை உரிந்தது. மணலிலிருந்து எழுந்ததும் கை தானாகப் போனைத் தேடும்.

அங்கே ஆட்டக்காரர்களைப் பதிவுசெய்யும் காலம் முடிந்த மறுநாள், அணியின் மானேஜர் கூப்பிட்டார். திருவனந்தபுரத்துக்காரர். வேறொரு கோல்கீப்பரை எடுத்துவிட்டதாகத் தயங்கித் தயங்கிச் சொன்னார். அதை அப்படியே அம்மாவிடம் திருப்பிச் சொன்னேன். பெண்பிள்ளைக்கு எதற்குப் பந்துகளி என்று அதுவரை திட்டிக்கொண்டிருந்த அம்மா, போனைப் பிடுங்கினாள்.

"சாரே, எவனோ சண்ட போட்டதுக்கு எம்பிள்ள வீட்டுல இருக்கணுமா? அடுத்த தடவ இவள எடுப்பியளா மாட்டியளா? அதச் சொல்லும்."

அந்தப் பக்கம் சிரிப்புச் சத்தம். ஜனவரியில் மறுபடி பதிவு உண்டு, பார்க்கலாம் என்றார்.

சில நாளில் தடை நீங்கியது. எனக்கு நிம்மதி வரவில்லை. 'பார்க்கலாம்' என்ற சொல்லை நம்பி ஜனவரிவரை எப்படி இருப்பது? கிறிஸ்துமஸ் அன்று பூசையில் முட்டுக்குத்தி முழங்காலில் நிற்கும்போதும் கால் துடித்தது. வருடம் பிறந்ததும் கூப்பிட்டார்கள். இந்த முறை சான்றும் வந்தது.

முதல் ஆட்டத்தில் இரண்டு கோல் விட்டேன். அணி மூன்று போட்டு ஜெயித்தது. அம்மாவிடம் சொன்னபோது, "ரெண்டு விட்டியா? ஏட்டி, கையில எண்ணெயா தேச்சிருந்த?" என்றாள்.